முப்பத்தொன்றாம் பக்கம்

பேக்கர்ஸ்ஃபீல்டு, கலிபோர்னியா
ஜனவரி 9, 1978

மிஸ்டர் மெரிமன்,

1947 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எட்டு மணிக்கு, ஹாலிவுட்டில் மூன்றாம் நம்பர் ஸ்டூடியோவில் இருந்தவர்களின் பெயரை எழுதுகிறேன். கண்ணாடி அறைக்குள் டைரக்டர் ஓரன் ஃபிஸ்க். அவர் பக்கத்தில் எஞ்சினியர் வால்டர் பிம். ஆர்கன் வாசிக்க இடா லுண்ட், காலில் ஷூ இல்லாமல். அறிவிப்பாளர் கோர்டன் டீல். கொலைகாரன் லூவாக பெர்ட் சேயர். விதவையாக ரூத் கல்லகன், ஜலதோஷத்தோடு. காலடி, கதவு என்று சத்தம் எழுப்புகிற மூலையில் நான், வெர்னா குபிசெக். பெரிய மைக் முன்னால் என் புருஷன் எமில் குபிசெக்.

எட்டுப் பேர். மறுபடி எண்ணிப் பார்த்தேன். அதில் நீங்கள் இல்லை.

முப்பது வருஷம் கழித்து எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். ஃப்ரெஸ்னோவிலிருந்து டாக்டர் வைலி என்று ஒரு பல் டாக்டர் எனக்கு எழுதியிருக்கிறார். பழைய வானொலி நாடகங்களைத் தேடிச் சேர்க்கிறவராம். அதற்கென்று சங்கம்கூட இருக்கிறதாம். நம்முடைய 'ராடிகன் கதவைத் தட்டுகிறான்' நாடகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்த இசைத்தட்டு ஒன்று அவர் கைக்கு வந்திருக்கிறது. மேற்கு மாநிலங்களுக்கு எட்டு மணிக்குப் போனதே, அந்த இரண்டாவது தடவை. துப்பறியும் நாடகத்திலேயே அந்த மாதிரி அரை மணி நேரம் வந்ததில்லை என்று எழுதியிருக்கிறார். அது எனக்குத் தெரியும், அதை ஒரு பல் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் இசைத்தட்டாகப் போடப் போகிறார்களாம். அட்டையில் என்ன அச்சடிப்பார்கள் என்றும் எழுதியிருந்தார். 'ராடிகனாக: கிளைட் மெரிமன்.'

எனக்கு ஒரு கேசட்டும் அனுப்பியிருக்கிறார். உங்கள் பெயர் ஒட்டிய கேசட்டை நான் போட்டுக் கேட்கவில்லை. சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். மார்ச் கடைசிக்குள் அட்டை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீங்கள் அந்த டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, அன்றைக்கு இரண்டாவது தடவை பேசியது நீங்கள் இல்லை, எமில் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால் புருஷன்மேல் உள்ள ஆசையில் ஒரு கிழவி உளறுகிறாள் என்பார்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். நீங்கள் சொன்னால் நம்புவார்கள்.

அன்றைக்கு நீங்கள் எந்த பாரில் விழுந்து கிடந்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த வாரத்தோடு எமிலுக்கு ஸ்டூடியோவிலிருந்து போன் வருவது நின்றுபோனது. உங்களைவிட நன்றாகப் பேசியவனை உங்கள் பக்கத்தில் நிற்க விடவில்லை நீங்கள். அவன் மரக்கடையில் பலகை தூக்கி, 1969-ல் செத்தான். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

வெர்னா குபிசெக்


வுட்லேண்ட் ஹில்ஸ்
ஜனவரி 17, 1978

அன்புள்ள வெர்னா,

உன் கடிதம் கதவைத் தட்டவில்லை. தோளால் இடித்து உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. நீ மாறவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

எமில் இறந்ததை நான் அப்போதே கேள்விப்பட்டேன். பூ அனுப்பினேன். யார் அனுப்பியது என்று அட்டை வைக்கவில்லை. வைத்திருந்தால் நீ அதைக் குப்பையில் போட்டிருப்பாய்.

என் நிலைமையைச் சொல்கிறேன், இரக்கத்துக்காக இல்லை. ஏழு வருஷத்துக்கு முன் என் தொண்டையை அறுத்து, குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாக மூச்சு. பேச்சுக்குப் பதில் ஒரு சிலேட்டும் சாக்பீஸும். வயதான நடிகர்கள் இருக்கும் விடுதி இது. இங்கே எல்லாருமே ஒரு காலத்தில் யாரோவாக இருந்தவர்கள். புதிதாக வருகிற நர்ஸ்கள் என்னிடம் கேட்பார்கள், "நீங்கதான் ராடிகனா? எங்க அப்பா சொல்லுவாரு, உங்க குரலக் கேட்டா மழைக்கே பயம் வரும்னு." நான் சிலேட்டில் எதுவும் எழுத மாட்டேன். எழுந்து போய் அந்தத் தட்டைப் போடுவேன். அந்தத் தட்டின் ஒரு பிரதி என்னிடமும் இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் 48-ல் தந்த பட்டயம் அதற்கு மேலே சுவரில் தொங்குகிறது. அதற்காகத்தான் தந்தார்கள்.

இந்த உலகத்தில் எனக்கு மிச்சம் இருப்பது அரை மணி நேரம், வெர்னா. அதையும் தா என்கிறாய்.

முடியாது. மன்னித்துக்கொள்.

கிளைட்

பி.கு. நான் குடித்திருக்கவில்லை.


பேக்கர்ஸ்ஃபீல்டு
ஜனவரி 24, 1978

மிஸ்டர் மெரிமன்,

உங்கள் தொண்டைக்கு நடந்ததைக் கேட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. உங்கள் குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? ஏழு வருஷம் அந்தக் குரலுக்குக் காலாக இருந்தவள் நான். நீங்கள் பேசினீர்கள், நான் நடந்தேன். ஒன்பதாம் நம்பர் ஆண் ஷூ, உள்ளே இரண்டு ஜோடி சாக்ஸ் அடைத்து. தெருவென்றால் சரளைத் தட்டு, மாடியென்றால் மூன்று படி மரப்பெட்டியில் மேலும் கீழும். "அந்த ஊர்ல மழைகூட வக்கீலக் கேட்டுட்டுத்தான் பெய்யும்" என்று நீங்கள் ஆரம்பித்தால் எனக்கு நிஜமாகவே கால் நனைந்த மாதிரி இருக்கும். இதை உங்களிடம் அப்போது சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். சொல்லிவிட்டு என் விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாது. இல்லாதவருக்கு எப்படித் தெரியும்?

ஐந்து மணிக்கு, அங்கே அப்போது எட்டு, கிழக்கு மாநிலங்களுக்குப் பேசி முடித்துவிட்டுக் கிளம்பினீர்கள். விளம்பரம் தருகிற ஷேவிங் சோப்பு முதலாளியும் அவருடைய ஆளும் முதல் தடவை முடிந்ததும் கை கொடுத்துவிட்டு, இரண்டாவதை வீட்டில் கேட்கிறோம் என்று போனார்கள். ஏழரைக்கு எல்லாரும் வந்துவிட்டோம். நீங்கள் இல்லை. ஏழு நாற்பதுக்கு ஃபிஸ்க் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"எமில், இங்க வா. நீ ராடிகன்."

"நான் ரெண்டாவது சீன்லயே செத்துடுறேனே சார்."

"செத்தவன்தான் மிச்ச நேரமெல்லாம் சும்மா இருக்கான். வா."

எமிலுக்கு உங்கள் குரல் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும்போது உங்கள் குரலில்தான் பேசுவான். "கிழங்கு சும்மா கிடந்துச்சு. ரொம்ப சும்மா கிடந்துச்சு. அதுதான் எனக்குப் பிடிக்கல." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. எமிலின் டாக்சி டிரைவர் வேஷத்தை கோர்டன் டீல் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். எல்லாம் நன்றாகத்தான் போனது, முப்பத்தொன்றாம் பக்கம் வரைக்கும்.

ஞாபகம் இருக்கிறதா அந்தப் பக்கம்? கொலை செய்தவன் தன்னுடைய பழைய போலீஸ் கூட்டாளி லூதான் என்று ராடிகனுக்குத் தெரிந்துவிட்டது. லூவின் வீட்டு மாடிப்படி ஏறி, கதவுக்கு முன்னால் நின்று, நட்பைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் ஒரு பக்கம் முழுக்கப் பேசுவான். அப்புறம் தட்டுவான். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு. ஐந்து மணிக்கு நீங்கள் அதை அழுகை கலந்து பேசினீர்கள். நன்றாகத்தான் இருந்தது.

எட்டு மணித் தடவையில் எமில் படித்து முடித்த முப்பதாம் பக்கத்தைக் கீழே நழுவ விட்டான். அடுத்து அவன் கையில் இருந்தது முப்பத்திரண்டு. நடுப்பக்கம் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தான்.

பக்கம் தொலைந்துபோயிற்று என்று எனக்குப் புரிந்தது. ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது, என் புருஷன் வாயில் வார்த்தை இல்லை. நான் நடந்தேன். நாலு படி என்று எழுதியிருந்தது. நான் ஏழு வைத்தேன், ஒவ்வொன்றும் ஏற மனசில்லாதவன் வைக்கிற மாதிரி. ஏறி நின்றேன். அப்பவும் அவன் பேசவில்லை. இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறி நின்றேன், ஷூவின் தோல் முனகியது. கண்ணாடிக்குப் பின்னால் ஃபிஸ்க் இரண்டு கையாலும் மிட்டாய் இழுக்கிற மாதிரி இழு, இழு என்று காட்டுகிறார். வால்டர் பிம் எழுந்தே நின்றுவிட்டார். தட்டுகிறதுக்குக் கையை ஓங்கினேன். எமில் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

அப்புறம் மெதுவாகச் சொன்னான். "நான்தான், லூ. இன்னிக்கு நான் தட்டப் போறதில்ல."

நான் கதவைத் திறந்தேன். கீல் மட்டும் சத்தம் போட்டது.

அந்தத் தட்டில் தட்டுகிற சத்தம் இல்லை, மிஸ்டர் மெரிமன். உங்கள் ராடிகன் ஒரு நாளும் தட்டாமல் உள்ளே போனதில்லை. தொலைந்த பக்கத்தால் விழ இருந்தவனை நானும் என் ஷூவும் தாங்கினோம். முப்பது வருஷமாக எனக்கு இருக்கிற ஒரே பெருமை அது. பட்டயம் மட்டும் உங்கள் சுவரில்.

இடா லுண்ட் சான் டியாகோவில் உயிரோடு இருக்கிறாள். அவளும் சொல்வாள்.

வெர்னா குபிசெக்


வுட்லேண்ட் ஹில்ஸ்
பிப்ரவரி 11, 1978

அன்புள்ள வெர்னா,

உன் கடிதத்தை இரண்டு வாரம் மேசைமேல் வைத்திருந்தேன். இரவல் துப்பாக்கி மாதிரி. எடுக்கவும் பயம், திருப்பிக் கொடுக்கவும் பயம்.

அன்று நடந்தது எனக்குத் தெரியாது என்கிறாய். முதலில் நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். இதை யாருக்கும் சொன்னதில்லை. குடிகாரன் என்ற பெயர் ஒரு துப்பறிவாளனுக்கு இழிவு இல்லை. மடையன் என்பது இழிவு.

அந்த வருஷம் கோடை முழுக்க நியூயார்க்காரர்கள் பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கத் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். நாம் தள்ளவில்லை. அதனால் ஐந்து மாதம் அவர்களுக்கான நிகழ்ச்சியை நாம் நாலு மணிக்கே பேசினோம், மேற்குக்கு வழக்கம்போல எட்டு. நடுவில் மூன்றரை மணி நேரம். ஒவ்வொரு ஞாயிறும் நான் சாண்டா மோனிகா கடற்கரைக்கு ஓட்டிப் போவேன். அங்கே ஒரு மீன் கடை. மீனும் முட்டைக்கோஸும் சாப்பிட்டுவிட்டு, பரிமாறுகிற டோரிஸிடம் சொல்வேன், "ரெண்டு மணி நேரம் கழிச்சு ஜன்னலத் தட்டு." காரில் படுத்துத் தூங்குவேன். கடிகாரத்தைப் பார்த்ததே இல்லை. டோரிஸ்தான் என் கடிகாரம்.

செப்டம்பர் 28 காலை நியூயார்க் தன் கடிகாரத்தைப் பழையபடி வைத்துவிட்டது. நமக்கு ஒத்திகையும் முதல் தடவையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போயின. நானும் சரியாக வந்தேன், பேசினேன், கிளம்பினேன். எட்டு மணி மட்டும் எட்டு மணியாகவே இருந்தது. என் இடைவெளியில் ஒரு மணி நேரத்தை யாரோ உருவிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. டோரிஸிடம் வழக்கம்போலச் சொன்னேன், "ரெண்டு மணி நேரம்." அவள் வழக்கம்போலத் தட்டினாள். நான் வழக்கம்போல முகம் கழுவி, தலை வாரி, வில்ஷயர் சாலையில் ஓட்டிக்கொண்டு வந்தேன். தெரு விளக்குகள் ஏன் இத்தனை சீக்கிரம் எரிகின்றன என்று ஒரு கணம் நினைத்தேன். இலையுதிர் காலம் என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டேன். பெரிய துப்பறிவாளன்.

பாட்டு கேட்கலாம் என்று கார் ரேடியோவைத் திருகினேன். என் குரல் வந்தது.

நான் வண்டியில் இருக்கிறேன். நான் ரேடியோவில் விதவையிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு சாவுச் சடங்குக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் அது நான்தான் என்று நம்பினேன். அப்புறம் ராடிகன் ஒரு வரியில் மூச்சு வாங்கினான், நான் வாங்காத இடத்தில். எமில் என்று தெரிந்தது.

மாடிப்படி வந்தது. உன் காலடிகளைக் கேட்டேன். எட்டு, வெர்னா. ஏழு இல்லை. அப்புறம் ஒன்றுமே இல்லை. ரேடியோ செத்துவிட்டது என்று நினைத்து அதன் தலையில் ஒரு அடி வைத்தேன். அப்போது அந்தத் தோல் முனகியது. ஒரு மனிதன் தன் நண்பனின் கதவுக்கு முன்னால் கால் மாற்றி நிற்கிறான். நான் என்ன பேசியும் அதை அங்கே கொண்டு வந்ததில்லை. அழுகை கலந்து பேசினேன் என்று எழுதியிருக்கிறாய். நீ நல்லவள். நான் அன்று அந்தப் பக்கத்தைக் கடித்துத் துப்பினேன்.

இரண்டாவதில் பேசியது எமில். இந்தக் கடிதத்தை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். டாக்டருக்கு நானே எழுத வேண்டும் என்றால், இன்னும் கொஞ்சம் நாள் கொடு. இந்த வாரம் ஒரு நர்ஸுக்குத் தட்டைப் போட்டுக் காட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கிளைட்


பேக்கர்ஸ்ஃபீல்டு
பிப்ரவரி 16, 1978

மிஸ்டர் மெரிமன்,

குடிக்கவில்லை என்பதை நம்புகிறேன். இந்த மாதிரி ஒரு பொய்யை யாரும் தன்மேல் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். படித்துவிட்டு நான் சிரித்தேன். என் பேத்தி என்ன பாட்டி என்று வந்து பார்த்தாள். முப்பது வருஷமாகக் குடிகாரன் என்று திட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஏழுதான். என் காலை எனக்குத் தெரியும்.

கார் ரேடியோவில் கேட்டு அவ்வளவு உருகியவர், பின்னே ஏன் அவன் பிழைப்பில் மண் போட்டீர்கள்? அக்டோபர் முழுக்க எமில் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மணி அடித்தால் நான் ஓடுவேன், அவன் அசைய மாட்டான். "யாரு?" என்றுகூடக் கேட்க மாட்டான். அப்படி ஒடித்துவிட்டிருந்தீர்கள் அவனை. நவம்பரில் மரக்கடைக்குப் போனான். உங்கள் முகத்தைப் பார்த்து நடக்க முடியாமல் வருஷக் கடைசியில் நானும் ஷூவைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஃபிஸ்க்கிடம் அவனைக் கூப்பிடாதே என்று சொன்னது நீங்களா, இல்லையா? ஒரு வார்த்தையில் பதில் எழுதுங்கள். உவமை வேண்டாம்.

வெர்னா குபிசெக்


வுட்லேண்ட் ஹில்ஸ்
மார்ச் 1, 1978

வெர்னா,

இல்லை.

ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனால் இந்த உறையில் ஒரு தாளும் வைக்கிறேன். அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் இதைப் படி.

அந்த ஞாயிறு நான் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் போய்விட்டார்கள். ஃபிஸ்க் மட்டும் இருந்தார். சோப்பு முதலாளி போன் செய்து ஆனந்தக் கண்ணீர் விட்டாராம். "நீ இங்கதான் இருந்த. புரிஞ்சுதா?" என்றார் ஃபிஸ்க். நட்சத்திரம் ஒரு தடவை தவறினாலும் நிகழ்ச்சியை நிறுத்தலாம் என்று முதலாளியின் ஒப்பந்தத்தில் இருந்தது. இத்தனை பேர் வேலை போய்விடும் என்றார். தலையாட்டினேன்.

மறுநாள் காலை முதலாளிக்கு உண்மையை எழுதி, கையெழுத்துப் போட்டு, எமிலிடம் காட்ட உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ ஒத்திகைக்குப் போயிருந்தாய். எமில் வெளிக்கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். கடிதத்தைப் படித்துவிட்டு, மடித்து, பெயின்ட் டப்பாவுக்குள் போட்டான்.

"கேட்டவங்க ராடிகன்தான் படியேறினான்னு நினைச்சிட்டிருக்காங்க. இப்ப நீங்க போயி அது குபிசெக்னு சொன்னா, அந்தப் படி ஒடஞ்சிடும்."

"உன் பேரு வர வேணாமாடா?"

"வேணாம். இந்தாங்க, இது உங்களோடது. உங்க வசனத்த நான் முழுங்கிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். முப்பத்தொன்றாம் பக்கம்.

"தொலஞ்சிபோச்சுன்னு ஃபிஸ்க் சொன்னாரே?"

"தொலையல. ஏழு அம்பதுக்கு நானே உருவி பையில வச்சுக்கிட்டேன். கூட்டாளி வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எந்த மனுஷன் சார் ஒரு பக்கம் பேசுவான்?"

"அவ்வளவு நேரம் ரேடியோவுல சத்தமே இல்லாம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"வெர்னா இருக்கா. அவ விட மாட்டா."

"அவகிட்ட முன்னாடியே சொன்னியா?"

"சொல்லல. சொல்லியிருந்தா எண்ணிக்கிட்டு நடந்திருப்பா. எண்ணாம அவ நடந்து நான் பாத்ததே இல்ல. ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு."

பெயின்ட் அடித்துக்கொண்டே பேசினான். அப்புறம் சொன்னான், ஃபிஸ்க்குக்குப் போன் செய்து இனி தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக. ஏன் என்று கேட்டேன். "இனிமே ரெண்டாவது சீன்ல சாகறதுக்கு என்னால ஆகாது சார். ஒரு தடவ மாடிக்குப் போயிட்டு வந்துட்டேன்." என் இடத்தை அவனுக்கு விட்டுத் தருவதாக நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அவனும் அதை எதிர்பார்த்து என்னைப் பார்க்கவில்லை. இந்த ஒன்றுக்கு நீ என்னைத் திட்டலாம், நானே தினமும் திட்டிக்கொள்கிறேன்.

"வெர்னாகிட்ட என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவளா எதையாவது நினைச்சுக்குவா."

"நான்தான் உன்ன வெரட்டினேன்னு நினைப்பா."

"நினைக்கட்டும் சார், கோச்சுக்காதீங்க. உங்களத் திட்டுறது அவளுக்குச் சுலபம். நீங்க வேற வீட்ல இருக்கீங்க."

சம்மதித்தேன். அவனுக்கு நான் செய்த ஒரே உபகாரம் உன்னிடம் முப்பது வருஷம் திட்டு வாங்கியதுதான். டாக்டர் வைலிக்கு இன்று எழுதிவிட்டேன். எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. இதோடு உனக்கே அனுப்புகிறேன். எமில் வேண்டாம் என்றான். நீ வேண்டும் என்கிறாய். அவன் இல்லை, நான் பாதி இல்லை. நீதான் முடிவு செய்ய வேண்டும்.

கிளைட்


பேக்கர்ஸ்ஃபீல்டு
மார்ச் 20, 1978

கிளைட்,

தாளைப் பிரித்தேன். மடிப்பில் ஒரு பக்கம் பச்சைப் பெயின்ட் விரல் பதிந்திருக்கிறது. அந்தக் கதவை அவன் அடித்த நாள் எனக்குத் தெரியும். திங்கள்கிழமை. நான் சாயங்காலம் வந்தபோது, "என்ன திடீர்னு பெயின்ட்டு?" என்று கேட்டேன். "சும்மா கிடந்துச்சு. ரொம்ப சும்மா கிடந்துச்சு" என்று உங்கள் குரலில் சொன்னான். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

நாலாவது நாள் இழுப்பறையைத் திறந்து கேசட்டை எடுத்தேன். பேத்தியின் பாட்டுப் பெட்டியில் போட்டுத் தரச் சொன்னேன். அவளை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

நீங்கள் சொன்னது சரி, அது உங்கள் குரல்தான். நான் இதை நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். ஏழு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் உட்கார்ந்து அந்த மனுஷனைச் செய்தீர்கள். அவன் எப்படி மூச்சு விடுவான், எந்த வார்த்தையை விழுங்குவான், பொம்பளையிடம் பேசும்போது எப்படித் தொப்பியைக் கழற்றுகிற மாதிரி குரலைக் கழற்றுவான் என்று எல்லாம் நீங்கள் தைத்து வைத்த கோட்டு. எமில் அதை ஒரு தடவை போட்டுக்கொண்டு மாடி ஏறினான். கோட்டு இல்லாமல் ஏறியிருக்க முடியாது. இதைச் சொல்ல எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று. எனக்குக் கோபம் இருந்தால் காது அடைத்துக்கொள்ளும்.

மாடிப்படி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். எட்டு. மறுபடி ஓட்டிக் கேட்டேன். எட்டு. அன்றைக்குச் சாப்பிட்டது என்ன, இடா லுண்டின் காலுறையில் ஓட்டை எந்தப் பக்கம் என்று சொல்கிறவள் நான். என் கால் வைத்த படியைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். எண்ணாமல் நடந்திருக்கிறேன், கிளைட். வாழ்க்கையில் அந்த ஒரு தடவை. அவன் மைக் முன்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து நடந்தேன். அவன் பயப்படவே இல்லை. அவன் பார்வையில் இருந்தது பயம் இல்லை. இப்போது அந்த முகத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தால் தெரிகிறது, அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

அந்த நிசப்தத்தில் தோல் முனகுகிறது பாருங்கள். அது நான். அது கேட்கிறது.

உங்கள் கடிதத்தை டாக்டருக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். கூடவே நானும் ஒரு பக்கம் எழுதினேன், பேத்தி எழுத்துப் பிழை திருத்தினாள். அட்டையில் இப்படி வர வேண்டும் என்று சொன்னேன். கிழக்குக்கு ராடிகன், கிளைட் மெரிமன். மேற்குக்கு ராடிகன், எமில் குபிசெக். இரண்டுக்கும் காலடி, வெர்னா குபிசெக். ஐந்து மணித் தட்டு எங்கேயாவது கிடைக்கிறதா என்று தேடவும் சொன்னேன். நீங்கள் கடித்துத் துப்பினீர்களா இல்லையா என்று நான் கேட்டு முடிவு செய்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம். எமில் வேண்டாம் என்றானாம். அவனிடம் யார் கேட்டது? அவன் அப்போது என்னைக் கேட்டானா?

நர்ஸ்கள் வந்தால் தட்டைப் போடுவதை நிறுத்தாதீர்கள். சிலேட்டில் மட்டும் எழுதிக் காட்டுங்கள், 'பேசுகிறவன் என் நண்பன், நடக்கிறவள் அவன் மனைவி' என்று. பட்டயத்தைக் கழற்ற வேண்டாம். ஈஸ்டருக்கு அப்புறம் என் மருமகன் அந்தப் பக்கம் வருகிறான், கூட வருகிறேன். ஒன்பதாம் நம்பர் ஷூ இன்னும் என்னிடம் இருக்கிறது. உங்கள் தாழ்வாரத்தில் நடந்து வருவேன், நீங்கள் கதவைத் திறக்க வேண்டாம், காது கொடுத்தால் போதும்.

எனக்குக் கோபம் இருந்த ஆட்களை எல்லாம் நேற்று ஒவ்வொருவராக எண்ணினேன். ஃபிஸ்க் தன் ஆட்களின் வேலையைக் காப்பாற்றப் பார்த்தார், போகட்டும். சோப்பு முதலாளிக்கு ஒன்றும் தெரியாது. நியூயார்க் கடிகாரத்தை நான் என்ன செய்ய? உங்களை மன்னித்துவிட்டேன், அதற்கு முதலில் நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

ஒரு ஆள் மிச்சம். இருபத்திரண்டு வருஷம் என் பக்கத்தில் படுத்து, நான் உங்களைத் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, நான் எப்படி நடந்தேன் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னிடம் சொல்லாமல் போன ஆள். அவனை மட்டும் மன்னிக்கப் போவதில்லை. நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும், சொல்வேன். அவன் பெயரையும் எழுதிவிடுகிறேன்.

எமில் குபிசெக்.